பெறுவதாகவும்: செப்பேட்டு வரிசையின் வரலாறு

கங்கைகொண்ட சோழபுரம் என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு வினைச்சொல் இருக்கிறது. ‘கொண்ட’ என்னும் அந்தப் பெயரெச்சம் ஊருக்கென்று புதிதாக உண்டாக்கிய சொல் அன்று. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு, கடைசியில் வந்து சேரும் சொல்லும் அதுதான். இடைதுறை நாடும், வனவாசியும், ஈழத்து முடியும், வங்காள தேசமும், கடாரமும் எல்லாம் அந்த ஒரு ‘கொண்ட’வில் முடிந்து, அதன் பிறகே அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வருகின்றன. அவனுக்கு வழங்கிய முடிகொண்டான், கங்கைகொண்டான், கடாரங்கொண்டான் என்ற பட்டங்கள் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலிலிருந்து ஓர் உருப்படியைப் பிரித்தெடுத்து அதே வினையோடு ஒட்டியவை. நீண்ட பட்டியலில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சி ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது என்றே கங்கைகொண்ட சோழபுரத்தைப் படிக்கலாம். எந்த உருப்படியைப் பிரித்தாலும் அது வினையோடு பிசிறில்லாமல் பொருந்தும்படி பட்டியல் முதலிலேயே அமைந்திருந்ததால்தான் இது முடிந்தது.

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்கு ஒரு விதி சொல்லித் தரப்படுகிறது. பலவற்றை அடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே இலக்கண வடிவில் சொல்ல வேண்டும். முதல் செயலை ‘டு’ சேர்த்த எச்ச வடிவில் தொடங்கினால் அடுத்த செயல்களும் அதே வடிவில் வர வேண்டும். நடுவில் ‘இங்’ விகுதிக்குத் தாவக் கூடாது. இந்த விதி நம் மொழிக்கு அந்நியமானது, அச்சும் ஆங்கிலக் கல்வியும் கொண்டுவந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எழுத்தழகு பற்றிய விதி, பின்பற்றினால் நல்லது, விட்டால் பெரிய குற்றமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு எண்ணமும் தவறு என்பது என் முடிவு. வினையெச்சங்களை ஒரே வடிவில் வரிசைப்படுத்தும் வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோழர் ஓலை நாயகங்களின் கையில் முதிர்ந்திருந்தது. அதை வளர்த்தது அழகுணர்ச்சியைவிட ஆவணத் தேவை. வழக்கு என்று வந்தால் ஒவ்வோர் உரிமையும் தனித்தனியே நிற்க வேண்டும் என்ற தேவை அது.

முதலில் மெய்க்கீர்த்தி. கல்வெட்டின் தலைப்பில் அரசன் வெற்றிகளைத் தமிழ் அகவல் நடையில் சொல்லும் வழக்கத்தை நிலைநிறுத்தியவன் முதலாம் ராஜராஜன். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘திருமன்னி வளர’ என்று தொடங்குவதால் அந்தப் பெயராலேயே அறிஞர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அது சிறியது. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடும். பிறகு ஈழமும் கேரளமும் சேர்கின்றன. 1023-ஐ ஒட்டிய வடநாட்டுப் படையெடுப்புக்குப் பின் சக்கரக்கோட்டம், ஒட்டவிஷயம், கோசலை நாடு, தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், உத்திரலாடம், கங்கை என்று வரிசை நீள்கிறது. 1025-ஆம் ஆண்டுக் கடல் கடந்த படையெடுப்புக்குப் பின் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று இடங்கள் வந்து சேர்கின்றன. இப்படி வளர்ந்தபோது பழைய பகுதியை யாரும் திருத்தி எழுதவில்லை. முன்பு இருந்த உருப்படிகளை அப்படியே விட்டு, அதே அச்சில் புதியவற்றைப் பின்னால் சேர்த்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் ஓர் அடைமொழி, பின்னால் ஓர் ‘உம்’, இவ்வளவுதான் அச்சு. ஆண்டு அழிந்துபோன கல்வெட்டைக்கூட, அதன் பட்டியல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து இன்ன ஆண்டை ஒட்டியது என்று கல்வெட்டியலாளர் சொல்ல முடிகிறது. மரத்தின் வளையங்களைப் போல அந்தப் பட்டியல் தன் வயதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பதின்மூன்று இடங்களில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லை உடையதாக, ஒன்றோடொன்று குழம்பாமல் நின்றதன் பயனை ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து வேறொருவர் அறுவடை செய்தார். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1918-ல் ஸ்ரீவிசயம் என்ற மறந்துபோன கடல் அரசை வரலாற்றுக்கு மீட்டபோது, அவர் கையில் இருந்த முக்கியமான சான்றுகளில் ராஜேந்திரனின் இந்தப் பட்டியலும் ஒன்று. இந்த அடைமொழி எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது ‘உம்’மால் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு இல்லாமல் போயிருந்தால் மலாய்த் தீபகற்பத்து ஊர்களையும் சுமத்திரா ஊர்களையும் பிரித்தறிவது பெரும் பாடாகியிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மெய்க்கீர்த்தி செய்யுள். செய்யுளில் ஓசைக்காக ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது இயல்பு. அதை ஆவண ஒழுங்கு என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. அகவல் ஓசைக்கும் இதில் பங்கு உண்டு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மறுப்பைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே அரசு, அதே காலத்தில், செய்யுள் அல்லாத உரைநடையில் எழுதியவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். ராஜேந்திரன் காலத்துச் செப்பேடுகளின் தமிழ்ப் பகுதி அப்படிப்பட்ட உரைநடை. 6-ஆம் ஆட்சியாண்டுக் கொடையைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. 8-ஆம் ஆட்சியாண்டின் கரந்தைச் செப்பேடு 57 ஏடுகள். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் கொடுத்த கொடையைச் செம்பில் வெட்டி நிலைப்படுத்தியவனும் ராஜேந்திரன்தான். 21 ஏடுகள் கொண்ட அது ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய் அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. இவற்றின் வடமொழிப் பகுதி கவிதை. தமிழ்ப் பகுதி அலுவலகத்து நடை.

அந்த அலுவலகம் எப்படி இயங்கியது என்பதையும் செப்பேடுகளே சொல்கின்றன. அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவான். திருமந்திர ஓலை நாயகம் ஒப்புவான். பிறகு புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று பல இருக்கைகளைக் கடந்து வரிக் கணக்கில் ஏறும். ஆணை நாட்டாரிடம் போகும்போது அவர்கள் எதிர்கொண்டு சென்று, தொழுது, தலைமேல் வைத்து வாங்குவார்கள். பிடியை, அதாவது பெண் யானையை, நடத்தி எல்லையைச் சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டு, அறையோலை எழுதித் திருப்பித் தருவார்கள். இந்த வழியில் நாம் கவனிக்க வேண்டியது, ஓலை பலமுறை உரக்கப் படிக்கப்பட்டது என்பது. படிப்பவன் ஒருவன், கேட்பவர்கள் பலர். கேட்பவருக்குப் பத்தி பிரிப்பு இல்லை, நிறுத்தக்குறி இல்லை, திரும்பிப் பார்க்க ஏடு இல்லை. ஓர் உரிமை முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது என்பதைக் காதுக்கு உணர்த்தச் சொல்லின் முடிவு ஒன்றே இருந்தது. வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஓசையில் முடிந்தது இந்தக் காரணத்தால்தான் என்று கருத இடமிருக்கிறது.

இனி, கொடை பெற்றவர்களின் உரிமைகளைச் சொல்லும் வியவஸ்தைப் பகுதிக்கு வருவோம். என் வாதம் முழுவதும் இங்கேதான் நிற்கிறது. சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுக்க உரிமை. துரவும் கிணறும் இழிச்ச உரிமை. காவும் தெங்கும் இட உரிமை. மருவும் தமனகமும் இருவேலியும் செண்பகமும் செங்கழுநீரும் மாவும் பலாவும் வைக்க உரிமை. பெருஞ்செக்கு இட உரிமை. நீர் பாயும் அளவுக்கு ஏற்ப வாய்க்கால் குத்தவும் உரிமை உண்டு. இவற்றைச் செப்பேடு சொல்லும் வடிவம் ‘எடுக்கப்பெறுவதாகவும்’, ‘இழிச்சப்பெறுவதாகவும்’, ‘இடப்பெறுவதாகவும்’, ‘குத்தப்பெறுவதாகவும்’ என்பது. எடுக்க, இழிச்ச, இட, குத்த ஆகிய நான்கும் நம் இலக்கணம் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று சொல்லும் வடிவம். கால்டுவெலும் போப்பும் இதைத்தான் ஆங்கிலத்தில் ‘இன்ஃபினிடிவ்’ என்று எழுதினார்கள். ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டும் விதியின் அச்சான உதாரணம், செம்பில், தமிழில், 11-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. மெய்க்கீர்த்தியில் இத்தனை நாட்டுக்கும் சேர்த்து ஒரே ‘கொண்ட’ போதும் என்று விட்ட அதே அரசு, உரிமைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனியே ‘பெறுவதாகவும்’ என்று வெட்டியது. செம்பு மலிவான பொருள் அல்ல. ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டும். எல்லா எச்சங்களையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒருமுறை ‘பெறுவது’ என்று முடித்திருந்தால் வேலையும் மிச்சம், இடமும் மிச்சம். தமிழ் இலக்கணம் அதற்கு இடம் கொடுக்கிறது. மரம் வைக்கும் உரிமையில் அதைச் செய்தும் இருக்கிறார்கள்: அங்கே ‘இடவும் நடவும்’ என்று இரண்டு எச்சம் சேர்ந்து ஒரே ‘பெறுவதாகவும்’மில் முடிகின்றன. இடுவதும் நடுவதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம் என்பதால் ஒரு முடிவு போதுமானது. கிணறு வெட்டுவதும் செக்கு வைப்பதும் வேறு வேறு உரிமைகள். நாளை ஒன்றைப் பற்றி வழக்கு வந்தால் மற்றது அசையக் கூடாது. ஆகவே தனித்தனி முடிவு. வெற்றிகளைப் பொறுத்தவரை அரசனுக்குத் தொகை முக்கியம். உரிமைகளைப் பொறுத்தவரை ஊராருக்கு ஒவ்வொன்றும் முக்கியம். எழுதியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. ஆங்கில நடைநூல்கள் இன்று ‘டு’வை ஒருமுறை மட்டும் சொல்வதா, ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்வதா என்று விவாதிக்கின்றன. உறுப்புகள் நெருக்கமானவை என்றால் ஒருமுறை, தனித்தனி எடை உடையவை என்றால் ஒவ்வொரு முறையும் என்பது அவை தரும் விடை. அந்த விடையைச் சோழர் அலுவலகம் செய்து காட்டியிருக்கிறது.

இது சோழர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்லவே, பல்லவர் செப்பேடுகளிலேயே பரிகாரம் எனப்படும் இத்தகைய விலக்குப் பட்டியல்கள் இருக்கின்றனவே, பழைய வாய்பாட்டைக் கணக்கர் கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு 8-ஆம் நூற்றாண்டினது. அதிலும் பின்வந்த பல்லவர் ஏடுகளிலும் விலக்குகளும் உரிமைகளும் வரிசையாக வருகின்றன என்பது உண்மை. ஆனால் நகல் எடுத்ததே பயனுக்குச் சான்று. மூன்று நூற்றாண்டுகளில் அரசகுலம் மாறியது, தலைநகரம் காஞ்சியிலிருந்து தஞ்சைக்கும் அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பெயர்ந்தது, வரிப்பெயர்கள் மாறின. வரிசையின் அச்சு மட்டும் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுத்ததாகவும் தெரியவில்லை. பட்டியலில் உருப்படிகள் கூடுகின்றன, குறைகின்றன, ஊருக்கேற்ப வாய்க்கால்களின் பெயர்கள் மாறுகின்றன. நிரப்பத் தக்க படிவமாக அது இருந்ததால்தான் நீடித்தது.

இதைவிட ஆழமான மறுப்பு இலக்கணத்திலிருந்து வரும். தமிழில் ‘உம்’ என்னும் இடைச்சொல் எல்லா உறுப்புக்கும் பின்னால் வந்தே தீரும். ஆகவே ஒரே வடிவம் தமிழின் கட்டாயம், எழுதியவரின் தேர்வு அன்று என்பது அந்த மறுப்பு. இது பாதி உண்மை. எண்ணும்மை இருக்கிற அதே மொழியில் இடைச்சொல்லே இல்லாமல் அடுக்கும் செவ்வெண்ணும் இருக்கிறது. ‘உம்’மை ஒட்டுவது கட்டாயம் என்றே வைத்துக்கொண்டாலும், அது எதன்மேல் ஒட்டுகிறது என்பது எழுதுபவன் கையில்தான். ஒரு பெயர்ச்சொல், ஒரு தொழிற்பெயர், ஓர் எச்சம் மூன்றையும் ‘உம்’மால் கோத்துவிட முடியும், தமிழில் அப்படிக் கோத்த வாக்கியங்கள் இன்றைய அரசாணைகளில் ஏராளம். தொல்காப்பியர் இந்த இடத்தில் கவனமாக இருந்திருக்கிறார். கிளவியாக்கத்தில் அவர் சொல்லும் ஒரு மரபு: பல வகை வினைக்கு உரிய பொருள்களைத் தொகுத்துச் சொல்லும் பொதுச்சொல்லுக்கு அவற்றுள் ஒன்றுக்கே உரிய வினையைக் கொடுக்கக் கூடாது, பொருள்களைத் தனித்தனியே எண்ணும்போதும் அதுவே முறை. யாழையும் குழலையும் பறையையும் ஒன்றாக எண்ணிவிட்டுப் பறைக்கு மட்டுமே உரிய ‘அறைந்தார்’ என்று முடித்தால் யாழ் அந்த வாக்கியத்தில் அநாதையாகிவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ‘இயம்பினார்’ வேண்டும் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் முடிக்கும் சொல்லோடு தனியே பொருந்த வேண்டும் என்ற இந்தச் சோதனையும், ஆங்கில வகுப்பில் ஒவ்வோர் எச்சத்தையும் தொடக்கத் தொடரோடு சேர்த்துப் படித்துப் பார் என்று சொல்லும் சோதனையும் ஒன்றுதான். மரபில் விதி இருந்தது; மீறவும் வழி இருந்தது; செப்பேட்டுக் கணக்கர் விதியின் பக்கம் நின்றார்கள். அதைத் தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலத்தில் இலக்கணச் சிந்தனை ஓலை நாயகங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததாகவும் எண்ண வேண்டாம். ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். அவன் பெயரால் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என்ற ஐந்தையும் சொல்லும் நூல். வடமொழி இலக்கண மரபையும் தமிழ் மரபையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்கத் துணிந்த நூல். அதன் வடமொழிச் சாய்வைப் பலர் குறை சொன்னதுண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் ஒரே செப்பேட்டில் அடுத்தடுத்து வெட்டப்பட்ட ஒரு நாட்டில், இரண்டு மொழியின் வடிவங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அன்றாட வேலையாக இருந்தது. இன்று ஆங்கில எச்சத்தையும் தமிழ் எச்சத்தையும் ஒப்பிடுவது அந்த வேலையின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

ஒப்பீட்டில் ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ‘செய’ என்னும் எச்சம் ஆங்கில எச்சத்தைவிட அகலமானது. ‘திருமன்னி வளர’ என்பதில் வரும் ‘வளர’ இதற்குச் சான்று. அங்கே வளர்வது திரு, கொண்டது அரசன். இரண்டு வினைக்கும் வேறு வேறு எழுவாய். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதும் இப்படித்தான். ஆங்கிலத்தின் ‘டு’ வடிவத்தால் இதைச் செய்ய முடியாது. ஆகவே எல்லா ‘செய’ எச்சத்தையும் ஆங்கில எச்சத்துக்குச் சமம் என்று சொல்வது பிழை. ஆனால் ‘குத்தப்பெறுவது’ என்பதில் எச்சம் உரிமையைக் குறிக்கும் ‘பெறு’ என்ற வினையைச் சார்ந்து நிற்கிறது. ‘இன்னது செய்ய உரிமை உடையார்’ என்ற ஆங்கிலச் சட்ட வாக்கியத்தின் கட்டுமானமும் அதுவே. ஒப்புமையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் அது தாங்கும்.

ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கு விதியாக எழுதப்பட்டது பிற்காலத்தில்தான். ராபர்ட் லௌத் 1753-ல் எபிரேயக் கவிதையைப் பற்றிய தம் விரிவுரைகளை வெளியிட்டபோது, அடிகள் ஒன்றையொன்று ஒத்து நடக்கும் தன்மைக்கு இணைநிலை என்ற பொருளில் பெயர் வைத்தார். அவரே 1762-ல் பெரும் செல்வாக்குப் பெற்ற ஓர் ஆங்கில இலக்கணமும் எழுதினார். ஒத்த கருத்துகளை ஒத்த வடிவில் சொல் என்பதை மாணவர்க்கான கட்டளையாக வில்லியம் ஸ்ட்ரங்க் அமெரிக்காவில் அச்சிட்டது 1918. ராஜேந்திரனின் பட்டியலைக் கொண்டு செதேஸ் ஸ்ரீவிசயத்தை மீட்ட அதே ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. இருந்தாலும், ஒரு கரையில் விதியாக எழுதப்பட்டது மறு கரையில் சான்றாகப் படிக்கப்பட்ட ஆண்டு என்று அதை நினைவில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

விதியின் எடை நடைநூல்களைவிடச் சட்டத்தில்தான் தெரியும். இந்திய அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பின் ஆங்கில மூலம் குடிமக்களின் உரிமைகளை ‘டு’வில் தொடங்கும் வரிசையாகச் சொன்னது: ஆயுதமின்றி அமைதியாகக் கூட, சங்கம் அமைக்க, நாடு முழுவதும் நடமாட, எங்கும் குடியிருக்க, சொத்து ஈட்டி வைத்திருக்க, தொழில் செய்ய. முதலாவதான பேச்சுரிமையில் மட்டும் ‘டு’வுக்குப் பின் வருவது வினையல்ல, பெயர், ஓசை ஒத்தாலும் வடிவம் ஒக்கவில்லை. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை இந்த வரிசையிலிருந்து எடுத்தது. எடுத்த இடத்தில் ஓர் எழுத்துக்குறி விடுபட்டதும், அதற்கு முந்தைய உரிமையின் கடைசியில் ‘அண்ட்’ என்ற இணைப்புச்சொல் சேர்ந்ததும் தவிர, மற்ற உரிமைகளில் ஒரு சொல்லும் மாறவில்லை. மெய்க்கீர்த்தி பின்னால் சேர்த்துக்கொண்டே போனது போல, இது நடுவில் ஒன்றை உருவியும் குலையாமல் நின்றது. 1976-ல் 42-ஆவது திருத்தம் கொண்டுவந்த 51அ உறுப்பு குடிமக்களின் பத்துக் கடமைகளையும் எச்ச வடிவில் வரிசையாகச் சொன்னது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் பதினோராவதைச் சேர்த்தது. பெற்றோரும் காப்பாளரும் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பு அளிக்க வேண்டும் என்ற அந்தக் கடமை எச்சத்தில் தொடங்கவில்லை, ‘யார் பெற்றோரோ’ என்ற அடைத்தொடரில் தொடங்குகிறது. பத்து எச்சங்களுக்குப் பிறகு அந்த ஒன்று தடுக்கிவிடுகிறது. பொருள் புரியாமல் போகவில்லை என்று சொல்லலாம். ஆனால் பள்ளியைப் பற்றிய கடமையே வரிசையில் ஒட்டாமல் நிற்பது படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. ஆனைமங்கலத்துக்கு ஓலை எழுதியவர் புதிதாக ஓர் உரிமையைச் சேர்க்கும்போது இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த வடிவம் மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எச்சத்துக்கு எழுவாய் தேவையில்லை. ‘வாய்க்கால் குத்தப்பெறுவதாகவும்’ என்று சொன்னால் உரிமை யாருடையது என்பது தெரியும். மண்வெட்டி பிடிப்பது யார் என்பது தெரியாது. கிணறு இழிச்சும் கைகளும், செங்கல் சுடும் கைகளும், செக்கில் மாடு ஓட்டும் கைகளும் அந்த வரிசையில் இல்லை. உழைப்பவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் ஒன்று உண்டு: தெங்கும் பனையும் ஈழவர் ஏறப்பெறாதார் என்ற தடை. மரமேறிக் கள் இறக்கிப் பிழைத்த ஒரு கூட்டத்தின் வயிற்றில் அடிக்கும் தடை அது. செக்கு வைக்கலாம், கிணறு வெட்டலாம் என்ற உரிமைகளின் நடுவே, அதே ஓசையில், அதே அச்சில், உரிமைகளில் ஒன்று போலவே அது வந்து உட்கார்ந்திருக்கிறது. சில கொடைகளில் நிலத்தை முன்பு வைத்திருந்தவர்களை அகற்றிய செய்தியோ ‘நீக்கி’ என்ற ஒரு சிறு வினையெச்சத்தில் முடிந்துவிடுகிறது. ஒரே வடிவம் உறுப்புகளைச் சமமாக்கும். சமமல்லாதவற்றையும் சமம் போலக் காட்டும். ஆகவே இத்தகைய பட்டியல்களை வரலாற்றாசிரியர் இரண்டு முறை படிக்க வேண்டும்: எதையெல்லாம் எண்ணியிருக்கிறார்கள் என்று ஒருமுறை, எந்த ‘பெறுவதாகவும்’ நடுவே ஒரு ‘பெறாதார்’ இருக்கிறது என்று மறுமுறை. கரந்தைச் செப்பேட்டில் கொடை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தணர்கள் ஊர், கோத்திரம், பெயர் என்று ஒரே படிவத்தில் ஒவ்வொருவராகப் பதிவாகியிருக்கிறார்கள். அந்த ஊர்களை உழுதவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடைக்கவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலேயே இந்தப் பட்டியல் மரபின் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திரன் காலத்ததான அது, கோயிலுக்கு விட்ட ஊர்களையும் அவற்றிலிருந்து வர வேண்டிய நெல்லையும் ஒரே முறையில் அடுக்குகிறது. ஆனால் கோயிலின் கற்கள் எல்லாம் இருந்த இடத்தில் இல்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டியபோது இக்கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்தார்கள். மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைத் தமிழகத் தொல்லியல் துறை 1980-களிலிருந்து தோண்டி எடுத்துக் காட்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்து எழுதிய ஓலைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. சிதைந்த கல்வெட்டைப் படிப்பவருக்கு அந்த அச்சுதான் துணை. ஒரு வரிசையின் நடுவே கல் உடைந்து ‘பெறு’ வரை மட்டும் தெரிந்தாலும் மீதியை அடைப்புக்குறிக்குள் நிரப்ப முடிகிறது. கலந்துகட்டிய நடையில் எழுதியிருந்தால் உடைந்தது உடைந்ததுதான்.

செப்பேடுகளில் எல்லை சொல்லும் பகுதியும் இதே அச்சில் வார்த்தது. கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கும், மேல்பாற்கெல்லை இன்னதற்குக் கிழக்கும், வடபாற்கெல்லை இன்னதற்குத் தெற்கும் என்று நான்கையும் ஒரே வடிவில் சொல்லி, இந்த நான்கெல்லைக்கு நடுவே பட்ட நிலம் என்று முடிக்கும். ஜெயங்கொண்டம் பகுதியில் இன்று ஒருவர் அரை ஏக்கர் புன்செய் வாங்கினாலும், பத்திரம் எழுதுபவர் செக்குபந்தி என்ற தலைப்பின் கீழ் அவருக்கு எழுதிக் கொடுப்பது இதுதான்: இன்னார் நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள நிலம்.